சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடுகிறதே, அப்படியே விட்டால் என்ன?

11 ஜூன் 2025, கேள்வி

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி ஆங்கிலமும் தமிழும் கலந்து அனுப்பியது. தமிழில் தட்டியது நான்.)

அண்ணா, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் அப்பாவின் லாரி கம்பெனி பில்லிங்கும் ஒரே வி.எம்.மில் (கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி) இருக்கின்றன. கிளவுட் நிறுவனத்தின் மையம் கேப் டவுனில். இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7, லினக்ஸ் வகை. போன வருடத்திலிருந்து யம் அப்டேட் (மென்பொருளைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் மிரர்லிஸ்ட் (எந்தச் சர்வரிலிருந்து இறக்குவது என்ற பட்டியல்) முகவரியே கிடைக்கவில்லை என்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. மாமா சொல்கிறார்: "மாதாமாதம் கிளவுடுக்குப் பணம் கட்டுகிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." அப்படியே விட்டால் என்ன? மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் உபுண்டுவா, வேறு ஏதாவதா?

11 ஜூன், இரவு

மாமாவிடம் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கட்டுவது வாடகை. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் வருவார், உங்கள் கேஸ் அடுப்பு கசிந்தால் நீங்கள்தான் பார்க்கவேண்டும். வி.எம்.முக்குக் கீழே இருக்கும் இயந்திரம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளே ஓடும் இயங்குதளமும் அதன் பேட்ச்சும் (ஓட்டை அடைக்கும் திருத்தம்) உங்கள் பொறுப்பு. எந்தப் பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்தக் கோடு போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. அதன் பிறகு மிரர்லிஸ்ட் முகவரியையும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் பிழை அதுதான், உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. பழைய பேக்கேஜ்கள் (மென்பொருள் பொட்டலங்கள்) எல்லாம் வால்ட் என்ற பழைய இருப்புச் சர்வரில் இன்னும் கிடக்கின்றன. பேக்கேஜை எங்கே தேடுவது என்று யம்முக்குச் சொல்லும் ரெப்போ கோப்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் யம் மறுபடி பேசும். ஆனால் அங்கே கிடைப்பது கடைசி நாள் வரை வந்தவை மட்டும். புதிதாக ஒன்றும் வராது.

12 ஜூன்

நேற்று எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "ஆதரவு" என்று எல்லோரும் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம், ஆனால் அதற்குள் மூன்று விஷயம் கிடக்கிறது. அந்த இயங்குதளம் அங்கே பூட் ஆகுமா? கிளவுட் நிறுவனம் அதன் இமேஜை (புதிய வி.எம். வார்க்கும் அச்சு) இன்னும் தருகிறதா? இயங்குதளத்தைச் செய்தவர் இன்னும் ஓட்டை அடைக்கிறாரா? முதலாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால், மற்ற இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிடுகிறோம். உங்கள் வி.எம். முதல் தேர்வில் மட்டும் பாஸ்.

இமேஜ் விஷயத்தில் ஒன்று. கூகுள் கிளவுடில் காலம் முடிந்த இமேஜைக் கைவிடப்பட்டது என்று குறித்து, பிறகு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே ஓடும் வி.எம். தன் பாட்டுக்கு ஓடும். அதுதான் வம்பு. ஒரு நாள் அது விழுந்து, அதே மாதிரி புதிதாக ஒன்று எழுப்பலாம் என்று போனால் இமேஜ் இருக்காது. வி.எம். எழுப்பும் வேலையைத் தானாகச் செய்ய ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பவர்களுக்கு இந்த அடி கூடுதலாக விழும், ஏனென்றால் ஸ்கிரிப்டில் இமேஜின் பெயரை யாரோ என்றோ எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

12 ஜூன், சாயங்காலம்

"கிளவுட் கம்பெனியே ஒரு லினக்ஸ் வைத்திருக்கிறதே, அதற்குப் போனால் காலாவதி தொல்லை இல்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அமேசான் லினக்ஸ் 2-இன் கதையைப் பாருங்கள். முதலில் 2023 ஜூன் என்றார்கள், அப்புறம் 2025 ஜூன், இப்போது 2026 ஜூன் 30. தேதி தள்ளிப்போனது நல்லதுதான், ஆனால் தேதி இருக்கிறது. தேதி இல்லாத இயங்குதளம் எதுவும் இல்லை.

15 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, கொஞ்சம் ஊர்க்கதை.

கிளவுட் எல்லாம் சியாட்டிலில் பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு: அமேசானின் ஈசி2, அதாவது வி.எம்.களை வாடகைக்கு விடும் சேவை, உருவானது கேப் டவுனில். கிறிஸ் பிங்கம் அமேசானில் இருந்தார், தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப ஆசைப்பட்டார், கம்பெனி அவருக்காகக் கேப் டவுனில் அலுவலகம் திறக்கச் சம்மதித்தது. வில்லெம் வான் பில்ஜோனும் சேர்ந்துகொண்டார். 2006 ஆகஸ்டில் பீட்டா வந்தது. ஆனால் அந்தக் கேப் டவுனுக்கே அமேசானின் மையம் வந்தது 2020 ஏப்ரலில். அதற்கு முன் 2019 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஜோஹானஸ்பர்க்கில் அஜூர் மையத்தைத் திறந்துவிட்டது. கூகுள் 2024 ஜனவரியில் வந்தது. சமைத்தவர் வீட்டில் கடைசிப் பந்தி.

உபுண்டு பற்றிக் கேட்டீர்களே, அதுவும் நம் ஊர்ச் சரக்கு. மார்க் ஷட்டில்வொர்த் பிறந்தது வெல்கமில். தாட்டே கம்பெனியை வெரிசைனுக்கு விற்ற பணத்தில் விண்வெளிக்கும் போனார், உபுண்டுவையும் ஆரம்பித்தார். முதல் வெளியீடு 2004 அக்டோபர்.

இதில் நம் விஷயத்துக்கு வேண்டிய துண்டு ஒன்று உண்டு. ஈசி2 ஆரம்பத்தில் லினக்ஸுக்கு மட்டும்தான். விண்டோஸ் வந்தது 2008 அக்டோபரில். லினக்ஸிலும் உங்கள் இஷ்டத்துக்குக் கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) போட முடியாது, அமேசான் வைத்திருக்கும் கெர்னல்களில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும். சொந்தக் கெர்னலைப் பூட் செய்ய வழி வந்தது 2010-இல். "இந்த இயங்குதளம் கிளவுடில் ஓடுமா" என்ற கேள்வி அந்தக் காலத்தில் உயிர்ப் பிரச்சினை. இப்போது கிட்டத்தட்ட எதையும் ஏற்றிவிடலாம் என்பதால்தான் ஓடுவதையும் ஆதரவையும் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

16 ஜூன்

விடுமுறை நாளில் வந்த கேள்வி: "கிட்டத்தட்ட எதையும் என்றீர்கள், என்னுடையது கருப்புத் திரையோடு நிற்கிறது."

சரி, அந்தக் கிட்டத்தட்டவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டிரைவர், அதாவது ஹார்ட்வேரோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் நிரல். பழைய இயந்திரத்தின் டிஸ்கை அப்படியே இமேஜாக எடுத்துக் கிளவுடில் ஏற்றினால், பூட் ஆகும்போது அது தன் டிஸ்கையே அடையாளம் காணாது. கேவிஎம் (ஒரே இயந்திரத்தில் பல வி.எம். ஓட்டும் லினக்ஸ் ஏற்பாடு) வழியில் ஓடும் இடங்களில் பெரும்பாலும் விர்ட்ஐஓ டிரைவர் வேண்டும். அமேசானில் 2017-க்குப் பிறகு வந்த நைட்ரோ வகை வி.எம்.களில் டிஸ்குக்கு என்விஎம்ஈ டிரைவரும் நெட்வொர்க்குக்கு ஈஎன்ஏ டிரைவரும் வேண்டும். அவை டிஸ்கில் எங்கோ இருந்தால் போதாது, பூட் ஆகும் முதல் கணத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டைக்குள் இருக்கவேண்டும்.

டர்பனில் உம்கேனி ரோடு பக்கம் ஒரு கடையின் சர்வரை ஏற்றியபோது நான் பார்த்தது இதே கருப்புத் திரை. மாடிப்படிக்கு அடியில் தூசி பிடித்துக் கிடந்த பெட்டி. இனிட்ராம்எஃப்எஸ்ஸைச் செய்யும் டிராகட், அந்தப் பெட்டியில் இருந்த ஹார்ட்வேருக்கு மட்டும் டிரைவர் எடுத்து வைத்திருந்தது. தன் ஊருக்கு வேண்டியதை மட்டும் மூட்டை கட்டும், அதன் சுபாவம் அப்படி. கிளம்புவதற்கு முன்பே பழைய பெட்டியில் எல்லா டிரைவரையும் சேர்த்து மறுபடி கட்டிவிட்டு இமேஜ் எடுத்தால் தீர்ந்தது. மறக்கக்கூடாத இன்னொன்று எஃப்ஸ்டேப், எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்று சொல்லும் கோப்பு. அதில் டிஸ்கின் பெயரை நேராக எழுதியிருந்தால் புதிய இடத்தில் பெயர் மாறி, பூட் பாதியில் நின்றுவிடும். இடம் மாறினாலும் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி போட்டு எழுதுங்கள்.

கருப்புத் திரையில் முதலில் தேடவேண்டியது சீரியல் கன்சோல், வி.எம். எழுதும் செய்திகளைக் காட்டும் எழுத்துத் திரை. கிளவுடில் மானிட்டரைச் செருக முடியாது, ஆனால் பெரிய இடங்கள் எல்லாவற்றிலும் சீரியல் கன்சோல் உண்டு. கெர்னலுக்கு அந்தப் பக்கம் பேசச் சொல்லியிருந்தால், எங்கே நின்றது என்று அது எழுதிக் காட்டும்.

19 ஜூன்

விண்டோஸ்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், லினக்ஸையே பேசுகிறேனாம்.

விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டும் 2023 அக்டோபர் 10-இல் முடிந்தன. நீட்டித்த பாதுகாப்புப் பேட்ச் 2026 அக்டோபர் வரை உண்டு. அஜூருக்குள் ஓடினால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, வேறு இடத்தில் ஓடினால் காசு. இயங்குதளமும் கிளவுடும் ஒரே கம்பெனி என்றால் கணக்கு இப்படித்தான் போடுவார்கள். 2016-க்கு 2027 ஜனவரி வரை நேரம் இருக்கிறது. அது பக்கத்தில்தான், தூங்கிவிடாதீர்கள்.

விண்டோஸிலும் டிஸ்க் டிரைவர் கதை அதேதான். அங்கே கருப்புத் திரைக்குப் பதில் நீலத்திரை. விர்ட்ஐஓ டிரைவரைக் கிளம்பும் முன் நிறுவிவிடவேண்டும். அஜூரில் ஜென் 1, ஜென் 2 என்று இருவகை வி.எம். உண்டு: முதலாவது பூட் செய்வது பழைய பயாஸ் முறையில், இரண்டாவது புதிய யுஇஎஃப்ஐ முறையில். பயாஸில் வளர்ந்த டிஸ்கை ஜென் 2-இல் போட்டால் எழுந்திருக்காது. எது என்று பார்த்துவிட்டு உருவாக்குங்கள்.

24 ஜூன்

ஜோஹானஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: உள்ளூர் ஹோஸ்டிங் ஒன்றில் ராக்கி லினக்ஸ் 9 (ரெட் ஹேட் லினக்ஸ் வகை) போட்டால் கெர்னல் பேனிக் (கெர்னலே நின்றுபோவது), கூடவே ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) "இந்த சிபியு எக்ஸ்86-64-வி2 இல்லை" என்கிறதாம். "இன்டெல் ஜியான்தானே, எப்படி இல்லாமல் போகும்?"

இருக்கிறது, ஆனால் உங்களுக்குக் காட்டவில்லை. வி2 என்பது சிபியுவுக்குத் தெரிந்திருக்கவேண்டிய கட்டளைகளின் ஒரு படி, ரெட் ஹேட் 9 வகையறா எல்லாம் அதற்குக் கீழே உள்ள சிபியுவில் ஓடாது. ஹோஸ்டிங்காரர்கள் வி.எம்.முக்குப் பழைய பொது மாதிரிச் சிபியுவைக் காட்டும்படி வைத்திருப்பார்கள், கேவிஎம்64 மாதிரி. அசல் சிபியு எவ்வளவு புதிதானாலும் உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தெரிவது அந்தப் பழைய முகம்தான். ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டச் சொல்லி டிக்கெட் போடுங்கள். ஒரு வரி மாற்றம். செய்ய மாட்டோம் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

இந்த மே மாதம் வந்த ரெட் ஹேட் 10 இன்னும் ஒரு படி மேலே போய் வி3 கேட்கிறது. இன்டெலில் அது 2013-இல் வந்த ஹாஸ்வெல்லோடு தொடங்கியது. அல்மாலினக்ஸ் 10 மட்டும் பழைய சிபியு வைத்திருப்பவர்களுக்காக வி2 பதிப்பைத் தனியாகத் தருகிறது. நம் ஊரில் ஐரோப்பாவிலிருந்து கழித்துவிட்ட சர்வர்களை வாங்கி ஓட்டும் சின்ன ஹோஸ்டிங்குகள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

2 ஜூலை

"பழசே பாதுகாப்பு" கட்சிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். வாதம் இது: போன வருடம் ஜூலை 1-இல், சென்ட்ஓஎஸ் 7 செத்த மறுநாளே, ஓப்பன்எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் நிரல்) ரெக்ரெஷன் என்ற பெரிய ஓட்டை வந்தது. புதிய பதிப்புகள் மாட்டின, சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்த 7.4 பதிப்பு தப்பியது. ஆகவே பழசை விடாதே.

தகவல் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முந்தாநாள் சுடோவில் (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் நிரல்) இரண்டு ஓட்டை வெளியானதைப் பார்த்தீர்களா? ஒன்று புதிய பதிப்புகளுக்கு மட்டும். இன்னொன்று 1.8.8-இலிருந்தே கிடக்கிறது, பத்து வருடத்துக்கு மேலாக யாரும் கவனிக்கவில்லை. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 1.8.23. யாருக்கு அந்த அதிகாரம் என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்பில் ஹோஸ்ட் பெயர் போட்டு விதி எழுதியவர்களுக்குத்தான் அது வினை, எல்லோருக்கும் இல்லை. ஆனாலும் புதிய பதிப்பில் மாட்டியவருக்கு ஒரே கட்டளையில் பேட்ச் வந்துவிட்டது. உங்களுக்கு யார் தருவார்கள்? பணம் கட்டினால் சென்ட்ஓஎஸ் 7-க்கு இன்னும் பேட்ச் விற்கும் கம்பெனிகள் உண்டு, அது ஒரு நேர்மையான வழி. சும்மா விடுவது வழியே இல்லை.

5 ஜூலை

தம்பி விவரம் அனுப்பியிருக்கிறார். பதிவேடு எழுதிய நிரல்மொழி பிஎச்பி 5.4, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் வகை. லாரி பில்லிங்கின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.2. எல்லாம் சென்ட்ஓஎஸ்ஸோடு வந்தவை. எழுதியவர் ஆஸ்திரேலியா போய்விட்டாராம்.

இங்கேதான் நான் ஜூன் 11-இல் சொல்லாமல் விட்டது வருகிறது. உபுண்டுவா அல்மாவா என்பது கடைசிக் கேள்வி. பிஎச்பி 7 வந்தபோதே பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களைத் தூக்கிவிட்டார்கள். 5.4-இல் எழுதிய பதிவேடு எந்தப் புதிய இயங்குதளத்திலும் அப்படியே ஓடாது. உங்களைக் கட்டிப்போட்டிருப்பது சென்ட்ஓஎஸ் இல்லை, அந்த பிஎச்பி.

6 ஜூலை

"கன்டெய்னரில் (நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒன்றாக அடைத்த பெட்டி) போட்டுவிடலாமே, சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் புதிய ஹோஸ்டில் ஓடுமே" என்று இரண்டு பேர்.

ஓடும். கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் இல்லை, ஹோஸ்டின் கெர்னலைத்தான் பயன்படுத்தும். அதனால் கெர்னல் ஓட்டைகளாவது அடைபடும். உள்ளே இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் (மறையாக்க நூலகம்), பிஎச்பி எல்லாம் பழையபடி பழசுதான். இன்னொரு சிக்கல்: சென்ட்ஓஎஸ் 7-இன் சிஸ்டம்டி (மற்ற நிரல்களை எழுப்பும் நிரல்), சிகுரூப் (நிரல்களுக்கு நினைவகம், சிபியு பங்கிடும் கெர்னல் வசதி) இரண்டாம் பதிப்பு வருவதற்கு முந்தையது. புதிய ஹோஸ்ட்களில் இரண்டாம் பதிப்புத்தான், ஆகவே கன்டெய்னருக்குள் சிஸ்டம்டி எழுந்திருக்காது. வெப் சர்வரான அப்பாச்சியை நேராக ஓட்டினால் பிரச்சினை இல்லை. சென்ட்ஓஎஸ் 6 வைத்திருப்பவர்களுக்கு விசிஸ்கால் (கெர்னலை அழைக்கும் ஒரு பழைய வழி) தொல்லை வேறு, கன்டெய்னர் திறந்ததும் செத்துவிடும். கெர்னலுக்கு ஒரு பூட் விருப்பம் கொடுத்தால் சரியாகும்.

பதிவேட்டுக்கு இதைத் தற்காலிகமாகச் செய்யலாம், இணையத்துக்குத் திறக்காமல், வி.பி.என்.னுக்குள் வைத்து. அதற்குள் யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்த பிஎச்பியைத் திருத்தவேண்டும். தற்காலிகம் என்று நான் எழுதியதைத் தயவுசெய்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6 ஜூலை, இரவு

நிரல் எழுத விஎஸ் கோடு எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. 2024 ஜனவரிப் பதிப்பு ரிமோட் சர்வரில் ஜிலிப்சி 2.28 கேட்க ஆரம்பித்தது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. ஒரே நாளில் ஊரெல்லாம் கூச்சல், அப்புறம் கொஞ்ச காலம் விலக்குக் கொடுத்தார்கள். இயங்குதளம் சாகும் முன்னாலேயே அதைச் சுற்றி இருப்பவை கிளம்பிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் 18-உம் கேட்பது அதே 2.28-தான்.

9 ஜூலை

லாரி பில்லிங்குக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டும், ஏனென்றால் இயங்குதளத்தை மாற்றுவதில் எனக்குத் தெரிந்த மிக நயவஞ்சகமான குழி இது. பிழைச் செய்தி வராது, எதுவும் நிற்காது, கணக்கு மட்டும் தப்பாகும்.

தம்பி கேட்டது: "போஸ்ட்கிரெஸ்ஸின் டேட்டா டைரக்டரியை அப்படியே புதிய வி.எம்.முக்கு நகல் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே, அதே பதிப்பைக் கம்பைல் செய்து போட்டுக்கொள்கிறேன்."

வேண்டாம். போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்த, வழக்கமான அமைப்பில், இயங்குதளத்தின் ஜிலிப்சியைத்தான் கேட்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றினார்கள். ஒரு சின்னச் சோதனை: "1-1", "11" என்ற இரண்டையும் பழைய இயந்திரத்தில் சார்ட் செய்தால் 11 முதலில் வரும். புதியதில் 1-1 முதலில். நடுவில் இருக்கும் சின்னக் கோட்டை முன்பு கண்டுகொள்ளவில்லை, இப்போது கண்டுகொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது டர்பன் லாரியின் பழைய வகை நம்பர் பிளேட்டை நினைத்துப் பாருங்கள். டர்பனின் குறியான என்டி, அப்புறம் மூன்று எண், ஒரு கோடு, மூன்று எண். அந்த வகை வண்டி நம்பர் எல்லாவற்றிலும் அந்தக் கோடு. டேட்டா டைரக்டரியில் இருக்கும் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அகரவரிசைப் பட்டியல்) பழைய வரிசையில் அடுக்கப்பட்டது. புதிய இயங்குதளம் அதற்குள் புதிய வரிசைப்படி தேடும். வண்டி இருக்கும், தேடினால் கிடைக்காது. இல்லை என்று நினைத்து டிப்போவில் இருப்பவர் அதே வண்டியை மறுபடி பதிவார். ஒன்றை இரண்டு முறை பதியவிடாத யுனிக் கட்டுப்பாடும் அதே இண்டெக்ஸை நம்பித்தான் இருக்கிறது, ஆகவே அதுவும் தடுக்காது. மாதக் கடைசியில் ஒரே லாரிக்கு இரண்டு கணக்கு.

நான் இதைப் பார்த்தது வேறு ஒரு இடத்தில், ஆட்கள் பட்டியலில். நாயுடு, கவுண்டர், முதலி, படையாச்சி என்று நம் ஆட்கள் பெயர்கள்தான். சாதாரணப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன, கோடு போட்ட இரட்டைக் குடும்பப் பெயர் வைத்திருந்த பெண்கள் மட்டும் அங்கங்கே காணாமல் போனார்கள். கல்யாணமான பெண்களை மட்டும் கம்ப்யூட்டருக்குப் பிடிக்கவில்லை என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். யாருக்கும் இயங்குதளத்தின் மேல் சந்தேகம் வரவில்லை, மாற்றி வெகுநாள் ஆகியிருந்தது.

ஆகவே வழி: போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஜி டம்ப். அது தகவலை வெறும் எழுத்தாக எடுக்கும், புதிய இடத்தில் ஏற்றும்போது இண்டெக்ஸ் எல்லாம் புது வரிசையில் புதிதாகக் கட்டப்படும். புதிய போஸ்ட்கிரெஸ்ஸின் டம்ப் நிரலே 9.2 வரை பின்னோக்கிப் பேசும், ஆகவே புதிய வி.எம்.மிலிருந்தே இழுக்கலாம். ஏற்கெனவே டைரக்டரியை நகல் எடுத்துவிட்டவர்கள் உடனே ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மறுபடி கட்டும் கட்டளை) கொடுங்கள், முதலில் இரட்டைப் பதிவுகளைத் தேடி எடுத்துவிட்டு. இல்லாவிட்டால் யுனிக் இண்டெக்ஸ் கட்ட மறுக்கும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்து வரிசை விதி) பதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, கீழே மாறினால் எச்சரிக்கிறது. 9.2-க்கு அந்தப் புத்தி இல்லை.

10 ஜூலை

"யுனிக்ஸ் வரிசையான சி லொகேல் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்கிறார் ஒருவர். உண்மை. சி லொகேல் பைட் கணக்கில் ஒப்பிடும், ஜிலிப்சி மாறினாலும் அது மாறாது. வண்டி நம்பர், இன்வாய்ஸ் எண் மாதிரிப் பத்திகளுக்கு அதையே வைக்கலாம். உறுப்பினர் பெயருக்கு வைத்தால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், சங்கத்துப் பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள்.

14 ஜூலை

உபுண்டுவா அல்மாவா, கடைசியில் வந்துவிட்டோம்.

என் பழக்கம் அல்மாலினக்ஸ், சென்ட்ஓஎஸ் இருந்த அதே ரெட் ஹேட் குடும்பம். சென்ட்ஓஎஸ்ஸில் கை பழகியவருக்கு அதே கட்டளை, அதே கோப்பு இடம். 9-ஆம் பதிப்புக்கு 2032 வரை பேட்ச் உண்டு. ராக்கியும் அப்படியே. உபுண்டு 24.04-க்கு சாதாரண ஆதரவு 2029 வரை, புரோ என்ற கூடுதல் ஆதரவைச் சேர்த்தால் இன்னும் நீளும், தனிநபருக்கு ஐந்து இயந்திரம் வரை புரோ இலவசம். 20.04 வைத்திருப்பவர்கள் கவனம், அதன் சாதாரண ஆதரவு போன மே மாதம் முடிந்தது.

சென்ட்ஓஎஸ் 8-ஐ நினைத்தால் இந்தத் தேதிகள் மேலேயே எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 2029 வரை என்று நம்பிப் போனவர்களுக்கு 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது, 2021 கடைசியில் மூடினார்கள். 7 அதைவிட அதிக நாள் வாழ்ந்தது. பின்னால் பிறந்த 8, மூத்த 7-ஐப் பார்த்துச் சிரிக்கக்கூட நேரம் இல்லாமல் முன்னாலேயே சாய்ந்தது.

யோசித்துப் பார்த்தால், தம்பியின் சங்கத்துக்கு டெபியன் 12 (தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ்) தான் பொருத்தமோ என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கம்பெனியின் முடிவில் அது நிற்கவில்லை. தினமும் இதில் கை வைப்பவர் அங்கே யாரும் இல்லை, ஆக தானாகப் பேட்ச் ஏறும்படி வைத்துவிட்டு விடலாம். அல்மாவிலும் அதைச் செய்யலாம், சண்டைக்கு வராதீர்கள். பில்லிங்குக்கு அல்மா, பதிவேட்டுக்கு டெபியன் என்று இரண்டாகவே பிரியுங்கள். அப்பாவின் லாரியும் சங்கத்தின் பதிவேடும் ஒரே வி.எம்.மில் இருந்ததே தப்பு.

ஓடும் வி.எம்.மை இருந்த இடத்திலேயே 7-இலிருந்து 8, 9 என்று ஏற்றும் எலிவேட் கருவி இருக்கிறது. வேலை செய்கிறது. ஆனால் கிளவுடில் புதிய வி.எம். எழுப்புவது நிமிட வேலை, பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்கலாம். அந்த வசதியை விட்டுவிட்டு ஓடும் இயந்திரத்தை அறுவை செய்ய நான் போகமாட்டேன்.

15 ஜூலை

ஆர்ம் சிபியு (இன்டெல் வகையிலிருந்து வேறுபட்டது) வி.எம். மலிவாக இருக்கிறதே என்று கேட்டவருக்கு: உங்கள் மென்பொருள் எல்லாம் டெபியன் களஞ்சியத்தில் இருப்பவை என்றால் தாராளமாக. யாரோ கம்பைல் செய்து கொடுத்த பைனரி ஒன்று இருந்தால்கூட வேண்டாம்.

21 ஜூலை

சங்கச் செயலாளர் கேட்டாராம், "உறுப்பினர் தகவல் வெளியே போனால் கிளவுட் கம்பெனிதானே பொறுப்பு?"

தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது. தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் பொறுப்பாளர், அதாவது சங்கம். கிளவுட் நிறுவனம் உங்களுக்காக அதை வைத்திருப்பவர் மட்டும். தக்க, நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யவேண்டியது பொறுப்பாளர் கடமை. அடையாள அட்டை எண்கள் இருக்கும் பட்டியலை, ஒரு வருடத்துக்கு மேல் பேட்ச் வராத இயங்குதளத்தில் வைத்துக்கொண்டு இது தக்க ஏற்பாடு என்று யாரிடம் சொல்வது? இந்த ஒரு கேள்விக்குத்தான் மாமா வாயடைத்தார் என்று தம்பி எழுதியிருக்கிறார்.

4 ஆகஸ்ட்

பில்லிங் மாறிவிட்டது. டம்ப் எடுத்து ஏற்றி, இரண்டு பக்கமும் வரி எண்ணிக்கை ஒத்துப்போனது. என்டி நம்பர்கள் எல்லாம் தேடினால் வருகின்றன.

ஆனால் புதிய தகராறு: டிப்போவில் இருக்கும் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரால் உள்ளே வர முடியவில்லை. அல்மா 9 தன் வழக்கமான கிரிப்டோ கொள்கையில் டிஎல்எஸ் (இணைப்பை மறைத்துக் காக்கும் முறை) 1.0, 1.1 இரண்டையும் மறுக்கிறது, பழைய ஷா-1 வகை டிஜிட்டல் கையெழுத்தையும் ஏற்பதில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் பில்லிங் நிரல் பழைய டிஎல்எஸ் மட்டும் பேசுகிறது. இரவில் கோப்பு அனுப்பும் பழைய எஸ்எஃப்டிபி நிரலும் ஷா-1 வகை ஆர்எஸ்ஏ கையெழுத்தோடுதான் வருகிறது, அதுவும் வாசலில் நிற்கிறது.

சர்வரின் கொள்கையை லெகசி என்று மாற்றினால் பழையவை உள்ளே வர வழி கிடைக்கும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும், ஆனால் அல்மா 9-இல் அது ஷா-1-ஐத் திறக்கும், பழைய டிஎல்எஸ்ஸைத் திறக்காது. மேலும், ஒரு பழைய கம்ப்யூட்டருக்காக முழுச் சர்வரின் கதவையும் தளர்த்துவதாகும் அது.

5 ஆகஸ்ட்

டிப்போவில் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றும் வரை, பில்லிங் நிரலை டிப்போக்காரர் பிரவுசரிலேயே திறக்கட்டும், ஆபீஸில் இருக்கும் புதிய லேப்டாப்பிலிருந்து. எஸ்எஃப்டிபி நிரலின் புதிய பதிப்பு இலவசம்தான், நுழையும் சாவியான கீ மட்டும் ஈடி25519 என்ற புதிய வகையில் புதிதாகச் செய்து கொடுத்தால் போதும். தம்பி இன்று இரவு செய்கிறாராம்.

பழைய வி.எம்.மை ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அன்றைய நகல்) எடுத்துவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தினாலும் டிஸ்குக்குப் பில் வரும், ஸ்னாப்ஷாட் மட்டும் இருந்தால் குறைவு. வருட முடிவுக் கணக்குக்கு அதை எழுப்ப வேண்டிவந்தால் பொது ஐபி கொடுக்காமல் எழுப்புங்கள். பதிவேடு இன்னும் கன்டெய்னரில்தான் இருக்கிறது. பிஎச்பி தெரிந்த யாராவது டர்பனில் சனிக்கிழமை நேரம் கொடுக்க முடிந்தால் கீழே எழுதுங்கள், சங்கத்தில் சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.